திருடியது கருவண்டு; தீர்மானித்தது யார்?

வாசகர் கடிதம் (சுருக்கப்பட்டது):

"மதிப்பிற்குரிய அம்மா, பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கத்தில் வசிக்கிறேன். வயது 31. குடும்பத்தின் கொப்பரை வியாபாரத்தைக் கவனித்துக்கொள்கிறேன். எங்கள் குடோனின் மாடியறையில் ஒரு ஞாயிறு விட்டு ஒரு ஞாயிறு, 4 ஆண்டுகளாக டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசி, பகடை உருட்டிக் கதையை வளர்க்கும் மேசையாட்டம்) நடத்தி வருகிறேன். விதிகள் 2014 பதிப்பு; உலகம் நான் உருவாக்கியது. எங்கள் ஊர்க் காற்றும் கணவாயும் வாளையார் சோதனைச்சாவடியும் அதில் வேறு பெயர்களில் இருக்கின்றன. இதுவரை 80 அமர்வுகள் முடிந்து, குழு 11ஆம் லெவலில் இருக்கிறது.

ஆடுபவர்கள் நால்வர். புனிதப் போர்வீரனான பாலடின் செங்கோடனாக என் மாமன் மகன் ஆடுகிறான். திருடனான ரோக் கருவண்டாக வேலந்தாவளத்து நண்பன். பூசகரான கிளெரிக் அல்லியாகச் சித்தூரிலிருந்து வரும் தோழி. அவர் மலையாளி, தமிழ் நன்றாகப் புரியும். மந்திரவாதியான விசார்ட் மயனாக ஆடும் கல்லூரித் தோழன் 2 ஆண்டுகளாகச் சார்ஜாவில் வேலை செய்வதால் மாதம் ஒருமுறை வீடியோவில் வருகிறான். வராத நாளுக்கு அனுபவப் புள்ளி கிடையாது என்பது எங்கள் விதி. அவன் 8ஆம் லெவலிலேயே நிற்கிறான்.

கணவாய்த் தெய்வத்தின் வெண்கல மணியைக் குழு ஈராண்டாகக் காத்துவந்தது. மூன்று அமர்வுக்கு முன் கருவண்டு அதை இரவில் திருடி, எதிரியான சுங்கத் தலைவனிடமே விற்றுவிட்டான். கேட்டால், 'என் கேரக்டர் அப்படித்தான் செய்யும்' என்கிறான் நண்பன். சென்ற ஓராண்டாகக் கதை செங்கோடன் தன் தந்தையைத் தேடுவதாகவே போனதால் கருவண்டுக்குப் பெரிய வேலை இல்லை என்பதும் உண்மைதான், அதற்காக இப்படியா? இத்தனைக்கும் இரண்டாம் ஆண்டில் வெள்ளத்தில் போன அல்லியை ஆற்றில் குதித்துக் காப்பாற்றியவனே இந்தக் கருவண்டு. மாமன் மகன் அடுத்த அமர்வில் நேருக்கு நேர் சண்டை கேட்கிறான். வாட்ஸாப் குழுவில் பேச்சு தடித்துவிட்டது. அல்லியாக ஆடும் தோழி மூன்று அமர்வுகளாக வாயே திறக்கவில்லை. சண்டையை அனுமதிக்கலாமா? தெய்வமே கருவண்டைத் தண்டிப்பதாகக் கதையை அமைக்கட்டுமா? அல்லது ஆட்டத்தையே நிறுத்திவிடுவது நல்லதா?"

அன்புள்ள நண்பருக்கு,

வணக்கம். சண்டையை அனுமதிக்க வேண்டாம். தெய்வத்தையும் அனுப்ப வேண்டாம். ஆட்டத்தை இப்போது நிறுத்த வேண்டாம். ஆனால் அது எப்போது முடியும் என்பதை முடிவுசெய்யும் வேளை வந்துவிட்டது என்று நினைக்கிறேன். ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன், ஏனெனில் உங்கள் மூன்று கேள்விகளுமே பழுதைக் கதைக்குள் வைத்துத் தீர்க்கப் பார்க்கின்றன; பழுதோ மேசையைச் சுற்றி உட்கார்ந்திருப்பவர்களுக்கு இடையில் இருக்கிறது.

குடும்பச் சொத்தைப் பிரிக்க முடியாத பங்காளிகளுக்கும், ஒரே கடையில் முகம் கொடுத்துப் பேசாத கூட்டாளிகளுக்கும் ஆலோசனை சொல்வது என் தொழில். ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் ஒரு மேசையில் பகடை உருட்டுகிறேன். உங்கள் கடிதத்தை முதல்முறை ஆட்டக்காரியாகப் படித்தபோது எனக்கும் கருவண்டின் மேல் கோபம்தான் வந்தது. இரண்டாம் முறை தொழில்முறையாகப் படித்தபோது, நீங்கள் போகிறபோக்கில் எழுதிவிட்டுத் தாண்டிப்போன ஒரு வரி என்னை நிறுத்தியது. அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் "என் கேரக்டர் அப்படித்தான் செய்யும்" என்ற வாதத்தைப் பார்த்துவிடுவோம்.

80 அமர்வுகள் வாழ்ந்த ஒரு பாத்திரத்துக்கு ஒரே ஒரு குணம் இருக்காது. கருவண்டு பேராசைக்காரன் என்பது உண்மையானால், வெள்ளத்தில் போன அல்லிக்காக ஆற்றில் குதித்தவன் என்பதும் அதே அளவுக்கு உண்மை. அன்று இரவு மணியின் முன்னால் நின்றபோது அவனுடைய பேராசையும் அவனுடைய பாசமும் இரண்டுமே அவன் பாத்திரத்துக்குப் பொருந்துகிற வழிகளாக இருந்தன. அவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தது கருவண்டு அல்ல. கருவண்டுக்கு வாயும் இல்லை, கையும் இல்லை. தேர்ந்தெடுத்தவர் வேலந்தாவளத்து நண்பர். பாத்திரத்தின் குணத்தைக் காரணமாகச் சொல்கிறவர் பொய் சொல்லவில்லை. பாதியை மட்டுமே சொல்கிறார். எந்தக் குணத்தை, எந்த இரவில், யார் முன்னால் வெளியே எடுப்பது என்ற மீதிப் பாதி எப்போதும் ஆடுபவருடைய பொறுப்பு.

பாத்திரத் தாளில் "கேயாட்டிக் நியூட்ரல்" (ஒழுங்குக்குக் கட்டுப்படாத, நன்மைக்கும் தீமைக்கும் நடுவான சார்பு) என்று எழுதியிருக்கிறதே என்று அவர் காட்டக்கூடும், பெரும்பாலும் காட்டுவார்கள். இந்த ஆட்டம் 1974இல் வெளிவந்தபோது ஒழுங்கு, நடுநிலை, குழப்பம் என்ற மூன்றே சார்புகள்தாம் இருந்தன. நன்மையும் தீமையும் சேர்ந்து நாம் அறிந்த ஒன்பது கட்டங்கள் 1978 விதிநூலில் முழு உருவம் பெற்றன. தொடக்கத்தில் அது ஒரு பெரும்போரில் நீ எந்தப் பக்கம் என்பதைச் சொல்லும் அடையாளமாகவே பெரிதும் பயன்பட்டது. கூட்டாளியின் மடியைத் தடவுவதற்கு வழங்கப்பட்ட உரிமச்சீட்டாக அது ஒருநாளும் இருந்ததில்லை. திருடன் என்ற வகையும் முதல் பதிப்பில் கிடையாது. போர்வீரன், மந்திரவாதி, பூசகர் ஆகிய மூவர் மட்டுமே இருந்தார்கள். 1975இல் வந்த துணைநூல்தான் திருடனைச் சேர்த்தது. பூட்டைத் திறக்கவும் பொறியை அகற்றவும் தெரிந்த ஒருவன் அப்போதுதான் குழுவுக்குக் கிடைத்தான். அந்தக் கைத்திறனால் பயன்பெறுவது குழு முழுவதும் என்பதால்தான் அவனோடு சேர்ந்து நடக்க மற்றவர்கள் ஒப்புக்கொண்டார்கள்.

இனி அந்த வரி. சென்ற ஓராண்டாகக் கதை செங்கோடனின் தந்தையைத் தேடுவதாகவே போனது என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் ஆண்டுக்கு ஏறக்குறைய 20 அமர்வுகள் நடத்துகிறீர்கள் என்று கணக்கிட்டால், 20 ஞாயிறுகள் உங்கள் நண்பர் வேலந்தாவளத்திலிருந்து வந்து, உங்கள் மாமன் மகனுடைய பாத்திரத்தின் தகப்பனைத் தேடிக்கொடுத்துவிட்டுத் திரும்பிப் போயிருக்கிறார். பூட்டு வந்தால் திறந்தார், பொறி வந்தால் சொன்னார். ஒரு வேண்டுகோள்: உங்கள் குறிப்பேட்டை எடுத்து, கருவண்டின் முடிவினால் கதை திரும்பிய கடைசிக் காட்சி எந்தத் தேதியில் நடந்தது என்று பாருங்கள். பகடையில் உச்ச எண்ணான 20 விழுந்த காட்சியைச் சொல்லவில்லை. அவன் எடுத்த முடிவினால் மற்ற மூவரும் நின்று யோசித்த காட்சியைச் சொல்கிறேன். மணி திருடுபோன இரவுதான் அதற்கு விடை என்று உங்கள் குறிப்பேடு காட்டினால் நான் வியப்படைய மாட்டேன். மூத்த மகனின் கல்யாணச் செலவே வீட்டுப் பேச்சாக இருக்கும் ஆண்டில் இளையவன் பள்ளிக்கூடத்தில் கண்ணாடியை உடைத்துவிட்டு வருவதை என் தொழிலில் பலமுறை பார்த்திருக்கிறேன். கண்ணாடியை உடைத்தது சரி என்று யாரும் சொல்லவில்லை. அதற்கான பணத்தைக் கட்டத்தான் வேண்டும். ஆனால் கண்ணாடியைப் பற்றி மட்டும் பேசினால் அடுத்த மாதம் வேறொன்று உடையும்.

ஆகவே இதில் உங்களுக்கும் ஒரு பங்கு இருக்கிறது என்று சொல்லவேண்டியிருக்கிறது. அதுவும் செங்கோடனாக ஆடுபவர் உங்கள் மாமன் மகன் என்னும்போது, உறவைப் பார்த்துக் கதை கொடுத்தீர்கள் என்று நண்பர் மனத்துக்குள் நினைத்திருந்தால் அதை வாயால் கேட்பது அவருக்கு எவ்வளவு கடினம் என்பதையும் எண்ணிப்பாருங்கள். நட்புக்குள் கேட்க முடியாததைக் கருவண்டை வைத்துக் கேட்டுவிட்டார்.

அடுத்து அந்த நேருக்கு நேர் சண்டை. நீதி அநீதி என்பதை ஒதுக்கிவைத்து, விதிப்படியே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். உடல்வலிமையில் +2 உள்ள 11ஆம் லெவல் பாலடினுக்குச் சராசரிக் கணக்கில் 92 உயிர்ப்புள்ளிகள் இருக்கும்; அவை தீர்ந்தால் பாத்திரம் விழுந்துவிடும். அதே அளவு உடல்வலிமை உள்ள ரோக்குக்கு 80. அந்த லெவலில் பாலடினுக்கு ஒரு முறைக்கு இரண்டு வெட்டு. ஒவ்வொரு வெட்டிலும் எட்டுமுகப் பகடை ஒன்று கூடுதலாகச் சேரும். அதற்குமேல் மூன்றாம் நிலை மந்திர ஆற்றலைச் செலவிட்டால் எட்டுமுகப் பகடைகள் நான்கு சேரும். இரண்டு வெட்டும் பட்டால் ஏறக்குறைய 60 புள்ளி போய்விடும். ரோக் தன் அனிச்சைத் திறனால் ஒரு வெட்டைப் பாதியாக்கினாலும் இரண்டாம் சுற்றிலோ மூன்றாம் சுற்றிலோ விழுந்துவிடுவான். அல்லது அவன் முந்திக்கொண்டு மறைவிலிருந்து ஆறு பகடைகள் கூடிய குத்தைக் குத்திவிட்டு ஓடுவான். எப்படியானாலும் பத்து நிமிட வேலை. இந்த விதிகள் நாலைந்து பேர் சேர்ந்து ஒரு பெரிய பகையை எதிர்ப்பதற்காக வடிவமைக்கப்பட்டவை. அதனால் பாத்திரங்கள் கொடுக்கும் அடி பெரிது, தாங்கும் உயிர் சிறிது. தமக்குள் மோதினால் முதலில் யார் வாளெடுப்பது என்று தீர்மானிக்கும் அந்த ஒற்றைப் பகடையே பெரும்பாலும் முடிவைச் சொல்லிவிடும். நான்காண்டு உழைப்பை அந்த ஒரு பகடையிடம் ஒப்படைக்கப் போகிறீர்களா? செங்கோடன் வென்றால் உங்கள் நண்பர் வீட்டுக்குப் போவார். கருவண்டு வென்றால் உங்கள் மாமன் மகன் போவார். மணி எப்படியும் சுங்கத் தலைவனிடமே இருக்கும்.

தெய்வ தண்டனை இதைவிட மோசமானது என்பதை என் சொந்த அனுபவத்திலிருந்து சொல்கிறேன். என் மேசையில் ஒருவர் ஒவ்வொரு முறையும் ஒரு மணிநேரம் தாமதமாக வருவார். நேரில் சொல்லக் கூச்சப்பட்டு, அவருடைய பாத்திரத்துக்கு ஒரு சாபம் வந்ததாகக் கதையை அமைத்தேன்: சூரியன் உச்சிக்கு வரும்வரை கை கால் விளங்காது. அன்று எல்லாரும் சிரித்தார்கள், அவரும் சிரித்தார். அடுத்த அமர்வுக்கு அவர் வரவில்லை. அதற்குப் பிறகும் வரவில்லை. அவருடைய தாயாருக்கு உடல்நலமில்லாத காலம் அது என்பது ஓராண்டு கழித்தே எனக்குத் தெரிந்தது. குழுக்களுக்கு ஆலோசனை சொல்கிறவள் என்று பலகை மாட்டிக்கொண்டு நான் செய்த காரியம் அது. ஆட்டத்தை நடத்தும் டிஎம் கையில் உலகமே இருப்பதால், கேட்கவேண்டிய ஒரு கேள்வியைக் கேட்காமல் இருப்பதற்கு ஆயிரம் வழிகள் இருக்கின்றன. சாபம் அவற்றில் ஒன்று, இடி இன்னொன்று.

கதைக்குள்ளேயே தீர்வு கண்ட முன்னுதாரணமும் உண்டே என்று நீங்கள் கேட்கலாம். இந்த ஆட்டத்தை உருவாக்கிய இருவரில் ஒருவரான டேவ் ஆர்னசன், நூல் வெளிவருவதற்கு முன்பே நடத்திவந்த பிளாக்மூர் ஆட்டத்தில், ஒருவருடைய பாத்திரம் இரத்தக்காட்டேரியாகி மற்றவர்களால் சமாளிக்க முடியாத அளவுக்கு வளர்ந்தபோது, அதற்கு எதிர்விசையாகத்தான் பூசகர் என்ற வகையே தோன்றியது. உங்கள் அல்லிக்கு மூலப்பாட்டி அங்கேதான் இருக்கிறாள். ஆனால் அங்கே ஆடுபவர்கள் எதிரெதிர் அணிகளில் நிற்பது எல்லாரும் தொடக்கத்திலேயே அறிந்து ஏற்ற ஏற்பாடு. உங்கள் மேசையில் அப்படி எந்த ஏற்பாடும் இல்லை. மூன்று பேர் கூட்டணி என்று நம்பி உட்கார்ந்திருந்தபோது நான்காமவர் மட்டும் விதியை மாற்றிக்கொண்டார்.

அல்லியாக ஆடும் தோழியைப் பற்றி நீங்கள் ஒரே ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதிகக் கவலை தருவது அவர்தான். சண்டை போடுகிறவர்கள் இன்னும் ஆட்டத்தின்மேல் அக்கறை உள்ளவர்கள்; பேச்சை நிறுத்தியவர் எழுந்துபோகத் தயாராகிக்கொண்டிருக்கக்கூடும். பூசாரிப் பாத்திரம் எடுத்தவர்களுக்கு எப்போதும் நேர்வது அவருக்கும் நேர்ந்திருக்கலாம்: அடிபட்டவன் கூப்பிடும்போது மட்டும் அவர் முறை வரும். அதோடு, உங்கள் பக்கத்தில் கோபம் வந்தால் பேச்சு கொங்குத் தமிழுக்குத் தாவிவிடும் என்பதை நான் சொல்லித்தான் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதில்லை. தமிழ் புரிவது வேறு. மூன்று தமிழர்கள் ஒரே நேரத்தில் கத்தும் சண்டைக்குள் இரண்டாம் மொழியில் நுழைந்து தன் கருத்தை நிறுத்துவது வேறு.

உங்கள் மாவட்டத்திலேயே இதற்கு ஒரு நல்ல பாடம் இருக்கிறது. பகவதி கோயில்களின் கூத்துமாடத்தில் நடக்கும் தோல்பாவைக்கூத்தில் புலவர்கள் கம்பராமாயணப் பாட்டைத் தமிழில் பாடி, விளக்கத்தைத் தமிழும் மலையாளமும் கலந்து சொல்கிறார்கள். 7 இரவுகள், 14, 21, 41 என்று கோயிலுக்கு ஏற்ப நீளும் அந்தக் கூத்தைவிட நீண்ட ஆட்டம் ஒன்றை நம் பக்கத்தில் நான் அறியேன். பார்வையாளர் இல்லாத இரவுகளிலும் அது நடக்கும். தேவி கேட்கிறாள் என்பது நம்பிக்கை. திரைக்குப் பின்னால் ஒரு புலவர் ஒரு பாவைக்காகக் கேள்வி எழுப்ப, இன்னொரு புலவர் மற்றொரு பாவைக்காக விடை சொல்லித் தர்க்கம் வளரும். பாவைகள் பகைவர்களாக இருக்கலாம். புலவர்களோ ஒருவருக்கொருவர் பேச இடம் கொடுத்தால்தான் விடியும்வரை கூத்து நடக்கும். உங்கள் மேசையிலும் மொழிகள் அதேபோல் கலந்து இருக்கலாம். அல்லி பேசும்போது மலையாளத்தில் பேசட்டும், சாமி கும்பிடும்போது மலையாளத்தில் கும்பிடட்டும். கருத்து வேறுபாடு வந்தால் முதலில் பேசும் உரிமை அவருக்கு என்று வையுங்கள். ஆனால் எல்லார் முன்னிலையிலும் "நீங்கள் ஏன் பேசுவதில்லை?" என்று கேட்டுவிடாதீர்கள். தனியாக ஒரு செய்தி அனுப்பி, அல்லிக்கு இனி என்ன நடந்தால் ஞாயிறு காலையில் கிளம்பிவர மனம் வரும் என்று மட்டும் கேளுங்கள்.

சார்ஜா நண்பர் விஷயத்தில் தயக்கமே வேண்டாம். அந்த விதியை இன்றே எடுத்துவிடுங்கள். பிழைப்புக்காகக் கடல் கடந்தவரை வராத நாளுக்குப் புள்ளி இல்லை என்று தண்டிப்பது பள்ளிக்கூட வருகைப்பதிவேட்டு நீதி. அது கணக்கிலும் உதைக்கிறது. உடல்வலிமை +2 உள்ள விசார்டுக்கு 8ஆம் லெவலில் சராசரியாக 50 உயிர்ப்புள்ளிகள், 11ஆம் லெவலில் 68. வளர்ந்த சிவப்பு டிராகனின் நெருப்பு மூச்சு சராசரியாக 63 புள்ளிகளைப் பறிக்கும். தப்பிக்கும் பகடை தவறினால் ஒருவர் தள்ளாடியாவது நிற்பார், மற்றவர் விழுந்து கிடப்பார். மற்ற மூவருக்கு ஈடான ஆபத்தை நீங்கள் வைக்கும் ஒவ்வொரு முறையும் மாதத்துக்கு ஒருநாள் வருகிறவர் அந்த நாளையும் தரையில் கிடந்தே கழிப்பார். எல்லாரும் எப்போதும் ஒரே லெவல் என்று வைத்துக்கொண்டால் எந்தக் குடியும் முழுகிவிடாது.

மேலும் ஒரு யோசனை. 1987இல் வெளிவந்த ஆர்ஸ் மேஜிக்கா என்ற ஆட்டத்தில் ஒவ்வொருவரும் ஒரு மந்திரவாதியையும் ஒரு துணைவரையும் வைத்திருப்பார்கள். காவலாட்கள் எல்லாருக்கும் பொது. யார் எந்தப் பயணத்துக்குப் போவது என்பது அந்தந்த முறை முடிவாகும். அதைப் பின்பற்றி, மயன் கணவாயடிவாரச் சத்திரத்தில் தங்கி நூல் ஆராய்வதாக வைத்துவிட்டு, அவர் வரும் நாளுக்கு வேறொரு வேலையைக் கொடுங்கள். சுங்கத் தலைவனாகவே அவரைப் பேச வைத்துப் பாருங்கள். வீடியோவில் வரும் ஒருவருக்கு எதிரியின் வேடம் மிக நன்றாகப் பொருந்தும். இணைப்பு விட்டுவிட்டு வந்தால்கூட அது மிரட்டல் போலவே இருக்கும்.

அடுத்த ஞாயிறு பகடை இல்லாமல் கூடுங்கள். அதற்கு முன் வேலந்தாவளத்து நண்பரைத் தனியாகச் சந்தித்து, கருவண்டைப் பற்றிக் கேட்காமல் அவரைப் பற்றிக் கேளுங்கள். சென்ற ஓராண்டு உங்கள் குறிப்பேடு காட்டுவதை நீங்களே முதலில் சொல்லி, அதில் உங்கள் பிழை இருந்தால் ஒப்புக்கொள்ளுங்கள். அதன்பிறகு, மூவரும் இரண்டாண்டு காத்ததை மூவரிடமும் கேட்காமல் விற்றது அவர்களுக்கு எப்படி இருந்தது என்பதையும் சொல்லுங்கள். இந்த வரிசை முக்கியம். முதலில் குற்றத்தைச் சொல்லிவிட்டுப் பிறகு உங்கள் பிழையைச் சொன்னால் அது சமாதானம் செய்வதாகத் தோன்றும். முதலில் உங்கள் பிழையைச் சொன்னால் அடுத்ததைக் கேட்க அவருக்குக் காது இருக்கும். கூட்டத்தில் யாரும் யாரையும் பாத்திரப் பெயரால் அழைக்கக்கூடாது. "கருவண்டு என்னை ஏமாற்றினான்" என்று சொல்லும்போது சினம் வளர்கிறது; "நீ அதை விற்றபோது எனக்கு வருத்தமாக இருந்தது" என்று சொல்லும்போது எதிரே இருப்பவர் தலைகுனிகிறார். பாத்திரத்தின் கோபம் ஆடுபவருக்குள்ளும், ஆடுபவரின் மனக்குறை பாத்திரத்துக்குள்ளும் கசிவது இந்த ஆட்டத்தில் இயல்பானது. அந்தக் கசிவுதான் ஆட்டத்தை உயிருள்ளதாக ஆக்குகிறது. உங்கள் வாட்ஸாப் குழுவில் நடந்தது அந்தக் கசிவு வெள்ளமானதுதான்.

அந்தக் கூட்டத்திலேயே குழுவுக்கென்று ஒரு தாள் எழுதுங்கள். 2017இல் நூலாக வந்த பிளேட்ஸ் இன் தி டார்க் ஆட்டத்தில் ஒவ்வொருவருக்கும் ஒரு பாத்திரத் தாள் இருப்பதுபோல, குழுவுக்கும் தனியாக ஒரு தாள் உண்டு; அதற்கென்று பெயர், பகை, வளர்ச்சி எல்லாம் உண்டு. உங்கள் குழுவுக்கு நாலு வரி போதும்: நாம் ஏன் சேர்ந்து நடக்கிறோம், ஒருவருக்கொருவர் எதைச் செய்யமாட்டோம், இரகசியம் வைக்கலாமா, வைத்தால் யாருக்குத் தெரிந்திருக்கவேண்டும். பாத்திரங்களுக்குள் இரகசியம் இருக்கலாம், ஆடுபவர்களுக்குள் வேண்டாம் என்பது என் கட்சி. துரோகக் கதையை நாலு பேரும் முன்கூட்டியே அறிந்து ஆடினால் அது நாடகம், மூவர் அறியாமல் ஆடினால் அது வஞ்சனை. இதை ஏற்காத நல்ல டிஎம்களும் இருக்கிறார்கள். அவர்கள் மேசையில் நான் உட்காரமாட்டேன்.

மணியை என்ன செய்வது? திருடவே இல்லை என்று கதையைப் பின்னால் இழுக்காதீர்கள். நடந்தது நடந்ததாகவே இருக்கட்டும். கருவண்டு ஏன் அப்படிச் செய்தான் என்பதற்கு, மற்ற மூவரும் அவனோடு தொடர்ந்து நடக்க இடம் தருகிற ஒரு காரணத்தை நண்பரே சொல்லவேண்டும். கண்டுபிடிக்கவேண்டியது அவர், ஏற்பதா என்று முடிவுசெய்ய வேண்டியவர்கள் மற்றவர்கள். அப்படியொரு காரணம் கிடைத்தால், மணியை மீட்கும் பயணத்தில் முடிவுகள் கருவண்டுடையவையாக இருக்கட்டும். அவனுக்கு நீங்கள் தரவேண்டிய ஓராண்டுப் பாக்கியும் அதில் தீரும். கிடைக்காவிட்டால் கருவண்டு விடைபெறட்டும். பாத்திரம் போகலாம், ஆள் இருக்கவேண்டும். அபோகலிப்ஸ் வேர்ல்ட் என்ற 2010ஆம் ஆண்டு ஆட்டத்தில், பாத்திரம் நன்கு வளர்ந்தபின் கிடைக்கும் பேறுகளில் ஒன்றே, அதைப் பாதுகாப்பாக ஓய்வுக்கு அனுப்பிவைப்பது. நம் ஆட்டங்களில் மட்டும் ஏனோ பாத்திரங்கள் செத்தால்தான் கீழே இறங்குகின்றன. பணத்தோடு கணவாயைத் தாண்டிப்போன கருவண்டு ஒருநாள் சுங்கச்சாவடியில் எதிர்ப்படலாம். அப்போது அவனை நீங்கள் பேசுவீர்கள், நண்பர் புதுப் பாத்திரத்தோடு எதிரே அமர்ந்திருப்பார்.

நிறுத்துவதா என்ற கேள்விக்கு வருகிறேன். 80 அமர்வுகளில் 10 லெவல் ஏறியிருக்கிறீர்கள், ஒரு லெவலுக்கு 8 அமர்வுகள். உச்சமான 20ஆம் லெவலுக்கு இன்னும் 9 லெவல், 72 அமர்வுகள். ஆண்டுக்கு 20 என்றால் மூன்றரை ஆண்டுகளுக்கும் மேல். அதற்குள் உங்கள் மேசையில் கல்யாணங்கள் நடக்கும், குழந்தைகள் பிறக்கும், இன்னொருவர் விமானம் ஏறுவார். கனடாவில் ஒரு வரலாற்றுப் பேராசிரியர் 1982இல் தொடங்கிய ஆட்டத்தை 40 ஆண்டுகளுக்கும் மேலாக நடத்திவருகிறார் என்பது உண்மைதான். ஆனால் அவர் வீட்டின் கீழ்த்தளம் வேறு, உங்கள் கொப்பரைக் குடோன் மாடி வேறு. மணியை மீட்டுக் கணவாயில் மீண்டும் கட்டும்வரை, ஏறத்தாழ 15 அமர்வுகள் என்று சொல்லிவிடுங்கள். கரை தெரிந்த ஆற்றில் நீந்துகிறவர்கள் ஒருவரையொருவர் உதைப்பது குறைவு. முடிந்தபின் விருப்பமிருந்தால் புதிய கதை தொடங்கலாம், அதை வேறொருவர் நடத்தலாம். அல்லியாக ஆடும் தோழியிடம் கேட்டுப்பாருங்கள்.

கடைசியாக, இதையெல்லாம் மாமன் மகனிடம் நீங்கள் நேரில் சொல்லவேண்டும். அவர் சண்டைக்கு மந்திரங்களைத் தேர்ந்தெடுத்து வைத்திருப்பார். தாளில் பென்சிலால் எழுதி அழித்து எழுதியிருப்பார். ஞாயிறு காலை மற்றவர்கள் முன்னால் இல்லை என்று சொன்னால், தோற்றது தான்தான் என்று நினைத்துவிடுவார். சனிக்கிழமைக்குள் அவர் இருக்கும் இடத்துக்கே போய்ப் பாருங்கள். செங்கோடனின் தந்தை கதை முடிந்துவிட்டது என்பதையும், அடுத்த 15 அமர்வுகளில் அவர் மற்றவர்களுடைய கதைக்குத் தோள் கொடுக்கவேண்டியிருக்கும் என்பதையும் அங்கேயே சொல்லிவிடுங்கள். முகம் சுருங்கும், சுருங்கட்டும், கொஞ்ச நேரம் கூடவே இருந்துவிட்டு வாருங்கள்.

அன்புடன்,
உங்கள் ஆலோசகர்